இலையைத் திருப்பிப் பாருங்கள்

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் காலையில் தென்னங்கீற்று ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்தார். "மூணு வருஷத்துக் கன்னு தம்பி. ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி ஆயிடுச்சு. உரக்கடையில பூஞ்சாண மருந்து குடுத்தாங்க, ரெண்டு தடவை அடிச்சும் கேக்கல" என்றார். கீற்றை விரலால் தேய்த்தேன். கருமை மசியாக விரலில் ஒட்டிக்கொண்டது. அதற்கு அடியில் ஓலை நல்ல பச்சை.

நேரே கன்றடிக்குப் போய், கறுத்திருந்த மட்டைக்கு மேலே இருந்த மட்டையின் அடிப்பக்கத்தைத் திருப்பினோம். வெள்ளை மெழுகில் சுருள் சுருளாக, யாரோ பொறுமையாகக் கோலம் போட்டதுபோல முட்டைகள். நடுவே மாவு உதிர்ந்தாற்போல் ஈக்கள். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சி, நம் நாட்டில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைகளில்தான் முதலில் கண்டறியப்பட்டது. ஓலைக்கு அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற கழிவைக் கீழே சொட்டவிடும். அது விழும் கீழ் ஓலையின் மேற்புறத்தில் படர்வதுதான் கரும்பூசணம். பூச்சி ஓரிடம், கறுப்பு வேறிடம். அக்கா மருந்து அடித்ததெல்லாம் கறுப்பின் மேல்.

இதற்குக் கடுமையான பூச்சிக்கொல்லியும் கூடாது என்பேன். வெள்ளை ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி இருக்கிறது. மருந்து அதைத்தான் முதலில் கொல்லும். ஓலையின் அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள். கரும்பூசணத்துக்கு, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சிய பசையை ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்ததும் கருமை செதிலாக உரிந்து விழும்.

அதே கன்றில் குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் விசிறி வடிவில் வெட்டியதுபோல் இருந்தால், அது காண்டாமிருக வண்டின் வேலை. மரத்தை மட்டும் பார்த்தால் போதாது. வீட்டு எருக்குழியையும் கிளறிப் பாருங்கள். வண்டின் புழு அங்கேதான் வளர்கிறது.

எலுமிச்சங்கன்றுக்கு வருவோம். இலைமேல் காக்கை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது தெரிந்தால் தட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு குச்சியால் தொடுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிறு கொம்புகள் நீளும், ஒரு நெடி வரும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்தபின் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். சின்னக் கன்றைச் சில நாளில் மொட்டையாக்கிவிடும் என்றாலும், கையால் பொறுக்கினாலே போதும். மருந்து தேவையே இல்லை. கொழுந்தில் நத்தை ஊர்ந்த தடம்போல் வெள்ளிக் கோடுகள் வளைந்து ஓடினால் அது இலைத் துளைப்பான். புழு இலைத்தோலுக்குள் இருக்கும்.

இலை மஞ்சளானால்? நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் எந்த இலை என்று பாருங்கள். முற்றிய இலைகள் முதலில் வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்து போதவில்லை. கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. அடியில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுவிட முடியாமல் இருந்தாலும் மரம் மஞ்சளாகத்தான் நிற்கும். மண்ணை விரல் விட்டுப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது.

மாந்தண்டில் ஓட்டையும் மரத்தூளும் தெரிந்தால் உள்ளே தண்டுத் துளைப்பான். முந்திரியில் இளங்கொழுந்து கருகித் தொங்கினால் தேயிலைக் கொசு.

பப்பாளி வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழகத்தையே உலுக்கியது. அடித்த மருந்துகள் அதை அடக்கவில்லை. 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசரோஃபேகஸ் என்ற குளவிதான் அடக்கியது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தக் குளவி உங்கள் கொல்லையிலும் இருக்கலாம்.

எனவே உரக்கடைக்கு வெறும் வாய்ச்சொல்லோடு போகாதீர்கள். முற்றிய இலையும் கொழுந்தும் சேர்ந்த கிளையை வெட்டி, காகிதத்தில் சுற்றி, அன்றைக்கே வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள், என்ன மருந்து அடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.