காக்காய்ப்பொன்னும் மின்சாரமும்

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டு என்றொரு சிற்றூர் உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கும் ஆலயம் எடுத்ததாகப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையில் பொறித்து வைத்திருக்கிறான். கல்லையே நம்பிச் சாதித்தான் அவன். கல்லினத்தைச் சேர்ந்த வேறொரு பொருள் இந்த மின்சார யுகத்தில் நமக்குச் செய்த உதவியோ கொஞ்சமல்ல. அதுதான் அப்பிரகம், நம் பாட்டிமார் காக்காய்ப்பொன் என்றார்களே, அதுவே.

மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் கருவிக்குக் கண்டென்ஸர் என்று பெயர். கெப்பாசிட்டர் என்றும் வழங்குவர். இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொருள், இவ்வளவே அதன் அமைப்பு. கடத்தாத பொருளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். அதன் அணுக்களில் உள்ள மின்துகள்கள் இடம் விட்டு ஓடமாட்டா. ஆனால் தகடுகளின் இழுப்புக்கு இணங்கிச் சற்றே சாயும். அச்சாய்வு தகடுகளுக்கிடையே உள்ள இழுவிசையைத் தணிப்பதால், அதே மின்கலம் முன்னிலும் அதிகமான மின்சாரத்தைத் தகடுகளில் ஏற்ற முடிகிறது. காற்று இருந்த இடத்தில் அப்பிரகத்தை வைத்தால் ஏறக்குறைய ஆறு, ஏழு மடங்கு கொள்ளும். பொருளுக்குப் பொருள் இக்குணம் வேறுபடுவதை 1837-ல் மைக்கேல் பாரடே ஆராய்ந்து வெளியிட்டார்.

தகடுகளைக் கம்பியால் இணைத்தால் சாய்ந்தவை நிமிரும். தேங்கிய மின்சாரம் வெளியேறும். ஆனால் எல்லாம் ஒரே கணத்தில் நிமிர்வதில்லை. சில சோம்பேறிகள் பின்தங்கி, கம்பியை எடுத்த பிறகு மெல்ல நிமிரும். அப்போது, வெறுமையாகிவிட்டதென்று நாம் நினைத்த தகடுகளில் மீண்டும் மின் அழுத்தம் தலைகாட்டும். லெய்டன் ஜாடி என்னும் பழைய கண்ணாடிக் கண்டென்ஸரிலேயே இவ்விந்தையைக் கண்டிருக்கிறார்கள். ஆகையால்தான் உயர் அழுத்தக் கண்டென்ஸர்களை ஒருமுறை பொறி பறக்கவிட்டதோடு திருப்தியடையாமல், இரு முனைகளையும் கம்பியால் பிணைத்தே வைக்கிறார்கள். அதை மறந்தவர் உயிருக்கு ஆபத்து. வீட்டு மின்விசிறியின் கண்டென்ஸரையும், விசை நிறுத்தியாயிற்றே என்று குழந்தைகள் தொட அனுமதிக்கலாகாது.

உயர்ந்த அப்பிரகம் வெப்பத்துக்கு அஞ்சாது. மிக மெல்லிய ஏடுகளாகப் பிரியும். ஏற்றிய மின்சாரத்தை அதிகம் வீணாக்காமல் திருப்பித் தரும். முதல் உலகப்போர்க் காலத்திலேயே கம்பியில்லாத் தந்திக் கருவிகளில் அது இடம்பெற்றது. அக்காலத்தில் உலகுக்கு வேண்டிய தகட்டு அப்பிரகத்தில் பெரும்பங்கை அளித்தது நம் பாரத தேசமே. இன்றைய ஜார்க்கண்டிலுள்ள கோடர்மாவும், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவின் கூடூர்ப் பகுதியும் அதற்குப் பேர்போனவை.

இப்போது பெரும்பாலான கண்டென்ஸர்களில் பிளாஸ்டிக் ஏடும் பீங்கானும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. எனினும் அழகுப் பூச்சுக்கும் வண்ணத்துக்கும் அப்பிரகம் தேவைப்படுகிறது. அதைப் பொறுக்கும் சட்டவிரோதச் சுரங்கங்களில் சிறுவர்கள் மடிந்த செய்தி 2016-ல் உலகையே உலுக்கியது. பளபளக்கும் கல்லால் தேசத்துக்குப் பெருமை உண்டாவது மெய்தான். அதைப் பொறுக்கும் பிஞ்சுக் கரங்களில் புத்தகம் ஏறும் நாளில்தான் அப்பெருமை பூரணமாகும்.