புற்றுநோய் மருந்துகளும் ஃபோலிக் அமிலமும்

புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் இரசாயன மருந்துகளிற் பல, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவனவாகும். புற்றணுக்கள் அவ்வாறு பெருகுகின்றன. எலும்பு மஜ்ஜை, வாயின் உட்சவ்வு, குடலின் உட்பரப்பு, மயிர்க்கால் ஆகியவற்றிலுள்ள நல்ல அணுக்களும் அவ்வாறே பெருகுகின்றன. ஆகவே மருந்து இரண்டையும் தாக்குகிறது. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல், இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைதல் முதலிய பக்க விளைவுகள் இக்காரணம் பற்றியே தோன்றுகின்றன.

இத்தகைய மருந்துகள் இன்று நம் நாட்டிலேயே உற்பத்தியாகின்றன. பெங்களூர் - ஓசூர் நெடுஞ்சாலையில், ஹெப்பகோடியில் அமைந்துள்ள பயோகான் நிறுவனம் புற்றுநோய் மருந்துகளைத் தயாரிப்பதை உதாரணமாகக் கூறலாம். நோயாளிகள் பலர் மருத்துவமனையில் மருந்தை ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்புகின்றனர்; அடுத்த முறை வரையில் ஊரிலேயே இருக்கின்றனர். பக்க விளைவுகளைத் தணிக்கச் சத்து மாத்திரை உண்டா என்று அவர்கள் களப்பணியாளரைக் கேட்பது இயல்பே. இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஃபோலிக் அமிலம் என்னும் ஒரு வைட்டமினின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

பம்பாயில் கருவுற்ற பெண்களிடையே காணப்பட்ட ஒருவகை இரத்தசோகை ஈஸ்டுச் சாற்றினால் குணமாவதை, லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவ அம்மையார் 1931-ல் வெளியிட்டார். அவ்வகைச் சத்து 1941-ல் கீரை இலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்கா சென்ற டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் தலைமை ஏற்று நடத்திய குழுவினர் 1945-ல் இதனைச் செயற்கையாகத் தயாரித்தனர்.

இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இவ்வமிலத்தைச் சார்ந்த பொருள்களைக் கொடுத்துப் பார்த்த பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி ஃபார்பர், நோய் விரைவுபடுவதைக் கண்டார். உடலுக்குச் சத்தாவது நோய்க்கும் சத்தாயிற்று. எனவே, ஃபோலிக் அமிலத்தை ஒத்த அமைப்புடன் அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினை அவர் பயன்படுத்தினார். இதுவும் சுப்பாராவ் குழுவினர் தயாரித்ததே. 16 குழந்தைகளில் 10 பேரிடம் நோய் சிறிது காலம் தணிந்ததென 1948-ல் அவர் அறிவித்தார். அதன் இனத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்சேட் இன்றும் வழக்கிலுள்ளது.

இனி, இந்த ஒரு வைட்டமின் மூன்று மருந்துகளோடு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் காண்போம்.

(1) மெதோட்ரெக்சேட்: இம்மருந்து ஃபோலிக் அமிலம் உடலில் பயன்படத்தக்க வடிவமாக மாறுவதைத் தடுக்கிறது. பெரிய அளவில் கொடுக்கும்போது, நல்ல அணுக்களைக் காக்க, சுமார் 24 மணி நேரம் கழித்து ஃபோலினிக் அமிலத்தைக் கொடுப்பர். இது ஏற்கெனவே மாற்றமடைந்த வடிவமாதலால் தடையைக் கடந்து செல்கிறது. சாதாரண ஃபோலிக் அமில மாத்திரை இதற்கு ஈடாகாது. காலம் தவறினாலும் தீங்கு விளையும்.

(2) பெமெட்ரெக்செட்: நுரையீரல் புற்றுநோய்க்கு உதவும் இம்மருந்தின் சோதனைகளில் கடுமையான பக்க விளைவுகள் தோன்றின. ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்க்கப்பட்டபின் அவை குறைந்தன. எனவே முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, கடைசி ஊசிக்குப் பின் 21 நாள் வரையில் ஃபோலிக் அமிலம் நாள்தோறும் கொடுக்கப்படுகிறது. இங்கு அதனை விடுவதே ஆபத்து.

(3) கேப்சைட்டபீன்: மாத்திரையாக உட்கொள்ளப்படும் இம்மருந்தின் கடுமையை ஃபோலிக் அமிலம் மிகுவிக்கக்கூடும்; வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் அதிகமாகலாம்.

ஆக, ஒரே சத்து ஓரிடத்தில் காக்கிறது, மற்றோரிடத்தில் கெடுக்கிறது. பிற சத்துக்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். சில மருந்துகளால் நேரும் நரம்பு மரமரப்பைத் தடுக்குமென எண்ணி அசிட்டைல் கார்னிடின் என்ற பொருளை மார்பகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். 2013-ல் வெளியான முடிவின்படி, அதை உட்கொண்டவர்களுக்கே தொல்லை மிகுந்திருந்தது.

இச்செய்தி நம் அன்றாடப் பணியையும் தொடுகிறது. வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உள்ளது. சிறுவர்களுக்கான இளஞ்சிவப்பு மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் உண்டு. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தை, பள்ளிக்குத் திரும்பிய பின்னரும் வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட் உட்கொள்வதுண்டு. அக்குழந்தைக்குப் பள்ளி மாத்திரையைக் கொடுக்குமுன், பெற்றோர் வாயிலாகச் சிகிச்சை செய்யும் டாக்டரின் கருத்தை ஆசிரியர் அறிதல் வேண்டும். வீடுகளுக்குச் செல்லும் பணியாளரும், "புற்றுநோய்க்கு மருந்து உண்கிறீர்களா?" என்று தனிமையில் வினவுதல் நன்று.

நோயாளி உட்கொள்ளும் மாத்திரை, இலேகியம், சத்துமாவுப் பொடி யாவற்றின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, சிகிச்சைக்குச் செல்லும்போது காட்டச் செய்க. டாக்டர் எழுதித் தந்த சத்து மாத்திரையை நிறுத்தவோ, எழுதித் தராததைத் தொடங்கவோ நாமாகக் கூறலாகாது. வழக்கமான உணவிலுள்ள கீரையையும் பருப்பையும் விலக்க வேண்டுவதில்லை. நன்கு சமைத்து உண்பதே முக்கியம். மருந்து ஏற்றிய நாட்களில் காய்ச்சல் கண்டால், வெள்ளணுக்கள் குறைந்திருக்கக்கூடுமாதலால், எந்தச் சத்து மாத்திரையையும் நம்பிக் காலம் போக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.