காலமும் இடமும்: பசிபிக் கப்பற் பயணத்திற்கு முன்



உலகின் கடல்களுள் பசிபிக்கே மிகப் பெரியது. நிலவுலகின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதற்கே உரியது. 1520ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், தென் அமெரிக்காவின் தென்முனையை ஒட்டிய நீரிணையைக் கடந்து மெகல்லன் என்னும் மாலுமி அக்கடலுள் புகுந்தார். மூன்று திங்களுக்கு மேலாக அவர் மேற்கு நோக்கிச் சென்றபோது பெரும் புயல் எதுவும் அவரை எதிர்ப்படவில்லை. ஆதலின் அக்கடலுக்கு 'அமைதியானது' என்னும் பொருளுடைய பெயரைச் சூட்டினார். அப்பெயர் அவர் கண்ட சில திங்களுக்குப் பொருந்துமே அன்றி, ஆண்டு முழுமைக்கும் பொருந்தாது. பெயரை நம்பிப் புறப்படுவோர் பின்னர் வருந்த நேரிடும்.

இன்று அக்கடலில் உல்லாசப் பயணக் கப்பல்கள் பல செல்கின்றன. அவற்றுள் ஒரு வழியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் புறப்பட்டு, நியூ கலிடோனியா, வனுவாட்டு, பிஜி ஆகிய தீவுகளைக் கண்டு, மீண்டும் சிட்னிக்கே திரும்பும் வழி அது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டே பெரும்பாலான குடும்பங்கள் இத்தகைய பயணத்தை மேற்கொள்கின்றன. அப்பணம் வீணாகாமல் இருக்கவேண்டுமாயின், கப்பலின் அழகையும் விருந்தின் வகைகளையும் ஆராய்வதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காணவேண்டும். எப்போது செல்வது? கப்பல் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் எங்கே தங்குவது? காலமறிதல், இடனறிதல் என இரண்டு அதிகாரங்களைத் திருவள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருக்கின்றார். அவை அரசர்க்குக் கூறப்பட்டவையாயினும், அவ்வரிசை பயணிக்கும் நன்றாகவே உதவும்.

முதலில் காலத்தைக் காண்போம். தென் பசிபிக்கில் புயற்பருவம் நவம்பர் முதல் நாள் தொடங்கி ஏப்ரல் 30 வரை நீள்கிறது என்பது வானிலை அறிஞரின் கணக்கு. நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே அதுவே வெப்பமான பருவம். கடல்நீரின் வெப்பம் 26 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்ந்து நிற்கும்போது, அந்நீரினின்று எழும் ஆவி புயலுக்கு உணவாக அமைகிறது. புவியின் சுழற்சி வீசும் காற்றை வளைத்துவிடுகிறது. வங்கக் கடலில் எழும் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்வதை நீங்கள் படித்திருப்பீர்கள். தென் பசிபிக்கில் எழும் புயலோ கடிகார முள் செல்லும் திசையிலேயே சுழல்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி இவ்வளைக்கும் ஆற்றல் மிகக் குறைவாதலின், அங்கே பெரும்பாலும் புயல் உருவாவதில்லை. பிஜித் தீவின் நாடி நகரில் இயங்கும் வானிலை மையமே இவ்வட்டாரத்துப் புயல்களுக்குப் பெயரிட்டு எச்சரிக்கை விடுக்கின்றது.

இவ்வெச்சரிக்கைகள் வெறும் சடங்கல்ல. 2015ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'பாம்' என்னும் புயல் வனுவாட்டுத் தீவுகளை நிலைகுலையச் செய்தது. அதற்கு மறு ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் 'வின்ஸ்டன்' என்னும் புயல் பிஜியைத் தாக்கியது. தென் அரைக்கோளம் கண்ட மிகக் கடும் புயல்களுள் ஒன்றான அதற்கு 44 பேர் பலியாயினர்.

இவற்றைக் கேட்டதும், புயற்பருவத்தில் கப்பலேறுவது உயிருக்கே ஆபத்து என்று நீங்கள் எண்ணக்கூடும். உண்மை வேறு. இன்றைய பயணக் கப்பல் மணிக்கு 20 கடல் மைல் அளவில் செல்லவல்லது. வெப்பமண்டலப் புயல்களுட் பல அத்துணை விரைவாக நகர்வதில்லை. புயலின் போக்கைச் சில நாட்களுக்கு முன்னரே ஓரளவு கணித்துச் சொல்லவும் முடிகிறது. ஆகவே கப்பலின் தலைவர் புயலை விட்டு விலகி வேறு வழியில் சென்றுவிடுவார். புயலின் கையில் அகப்படுவது பெரும்பாலும் கப்பலன்று. நாம் வகுத்த திட்டமே. காணவேண்டிய துறைமுகம் கைவிடப்படும். அல்லது வேறொன்று அதன் இடத்தில் வரும். அல்லது கப்பல் பிந்தி வந்து சேரும். இங்ஙனம் மாற்றுவதற்குக் கப்பல் நிறுவனங்கள் பயண ஒப்பந்தத்திலேயே உரிமை பெற்றுள்ளன. மாற்றத்தால் தவறிப்போகும் விமானத்திற்கும் விடுதி அறைக்கும் பெரும்பாலும் அவை பொறுப்பேற்பதில்லை. பயணச் சீட்டை வாங்குமுன் இவ்வொப்பந்தத்தைப் படித்தல் வேண்டும்.

புயலே இல்லாவிடினும், அலை உயர்ந்தால் சில தீவுகளில் இறங்க இயலாது. நியூ கலிடோனியாவைச் சேர்ந்த பைன்ஸ் தீவில் பெரிய கப்பல்கள் கரையை அணைவதில்லை. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் சிறு படகுகளில் கரைக்குச் செல்வார்கள். கடல் கொந்தளித்தால் படகை இறக்க மாட்டார்கள். துறைமேடை உடைய ஊர் எது, படகில் செல்லவேண்டிய தீவு எது என்று முன்கூட்டியே பிரித்தறிந்தவர், ஏமாற்றம் வந்தபோதும் மனம் தளரார்.

மே முதல் அக்டோபர் வரை தீவுகளில் மழை குறைந்த, இதமான பருவம். தென்கிழக்கிலிருந்து வாணிபக் காற்று ஓயாது வீசும். ஆயினும் ஒரே தீவில் இருவேறு வானிலை இருக்கக் காணலாம். பிஜியின் தலைநகரான சுவா தென்கிழக்குக் கரையில் உள்ளது. ஈரக் காற்று முதலில் மோதுவது அங்கேயாதலின், ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மலைக்கு அப்பால், வடமேற்கே உள்ள நாடியில் 2000 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பெய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் மழை வேறுபடுவதைக் கற்ற நமக்கு இது புதிதன்று. கப்பல் சுவாவில் நிற்குமாயின் குடை வேண்டும். நாடிக்கு அண்மையிலுள்ள லட்டோக்காவில் நிற்குமாயின் தலைக்குத் தொப்பி வேண்டும். லட்டோக்காவில் இறங்கும் தமிழர், நாடியில் உள்ள சிவசுப்பிரமணியர் கோயிலையும் கண்டு வரலாம். 1903ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்ட வேலைக்கென ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னிந்தியர் பலர் அத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எந்தப் பருவத்தில் கடலைக் கடப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. நமக்கு அவ்வுரிமை உண்டு. அதை அறிவோடு பயன்படுத்துதல் நம் கடமை.

மற்றொன்றையும் மறத்தலாகாது. தீவுகளில் இனிய பருவமாகிய சூன், சூலைத் திங்கள்கள் சிட்னியில் குளிர்காலம். தெற்கே எழும் காற்றழுத்தத் தாழ்வுகள் அக்கடலில் பேரலைகளைக் கிளப்பும். புறப்பட்ட முதலிரு நாட்களிலும் திரும்பும் நாட்களிலும் கப்பல் ஆடக்கூடும். கடல் மயக்கம் உடையோர் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை பெறுதல் நலம். அங்கே ஆட்டம் குறைவு. மெல்லிய பருத்தி உடையோடு ஒரு கம்பளிச் சட்டையும் பெட்டியில் இருத்தல் வேண்டும்.

இனி இடத்தைக் காண்போம். கப்பல் புறப்படும் நாளன்றே அவ்வூரில் விமானத்தில் வந்திறங்குவது பெருந்தவறு. மாலை நான்கு மணிக்குக் கப்பல் புறப்படுமென்றால், ஒரு மணி நேரத்திற்கு முன்னரோ அதற்கும் முன்னரோ பயணிகளை ஏற்றுவது முடிந்துவிடும். கப்பல் எவருக்காகவும் காத்திராது. தவறவிட்டவர் அடுத்த துறைமுகத்திற்குத் தம் செலவில் செல்லவேண்டும். சிட்னிக்கு அடுத்த துறைமுகம் கடலுக்கு அப்பால் வேறொரு நாட்டில் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்!

சென்னையினின்று செல்வோர் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற நகரங்களில் விமானம் மாறுவர். ஒன்று பிந்தினால் அடுத்தது தவறும். பசிபிக் வானிலையை மட்டும் ஆராய்ந்தால் போதாது; நம் ஊர் வானிலையையும் ஆராய வேண்டும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளத்தால் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடிக்கிடந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அது மூடப்பட்டது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓயாத நாட்களே தென் பசிபிக்கில் புயற்பருவத்தின் தொடக்கமும் ஆகும். எனவே டிசம்பரில் செல்வோர் இரண்டு நாட்கள் முன்னதாகவும், மற்றத் திங்களில் செல்வோர் ஒரு நாளேனும் முன்னதாகவும் சிட்னியை அடைதல் தக்கது.

அங்கே எந்தப் பகுதியில் தங்குவது? விடுதியைத் தேர்ந்தெடுக்கு முன், கப்பல் எத்துறையில் நிற்கும் என்று கேட்டறிய வேண்டும். சிட்னித் துறைமுகத்தில் பயணியர் துறைகள் இரண்டு உள்ளன. ஒன்று நகரின் நடுவே, சர்க்குலர் கீ என்னும் இடத்தில், புகழ்பெற்ற வளைவுப் பாலத்திற்குக் கிழக்கே உள்ளது. மற்றொன்று பாலத்திற்கு மேற்கே ஒயிட் பே என்னும் இடத்தில் உள்ளது. மிக உயர்ந்த கப்பல்கள் பாலத்தின் அடியில் நுழைய இயலாமையால் முதல் துறையிலேயே நிற்கும். உயரம் குறைந்தவை இரண்டாம் துறைக்குச் செல்லக்கூடும். சர்க்குலர் கீயை ஒட்டிய விடுதியில் தங்கியவர் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே கப்பலை அடையலாம். விமான நிலையத்திலிருந்து அங்கு வர மின்ரயிலும் உண்டு. ஒயிட் பேக்கு ரயில் வசதி இல்லை. வாடகை வண்டியில் செல்லவேண்டும். அறை வாடகையைப் பார்த்து மலிவான விடுதியைத் தேர்ந்தெடுத்தவர், மிச்சம் பிடித்த பணத்தை வண்டிக்கே கொடுக்கவும் நேரலாம்.

நேரக் கணக்கிலும் கருத்துச் செலுத்துக. நம் நாட்டினின்று செல்லும் விமானங்கள் பல சிட்னியில் காலையில் இறங்குகின்றன. விடுதிகளோ பெரும்பாலும் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கே அறையைத் தருகின்றன. இடைப்பட்ட நேரத்தில் பெட்டிகளை வைத்திருப்பார்களா என்று முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். முதியோர் உடன் வருவாராயின், முந்திய இரவுக்கும் சேர்த்து அறையைப் பதிவு செய்துவிட்டால் வந்தவுடன் அவர்கள் படுத்து இளைப்பாறலாம்.

அமெரிக்காவில் வாழும் உறவினர் வந்து சேர்ந்துகொள்வதாயின், தேதிக்கோடு குறுக்கிடும். 180ஆம் தீர்க்கரேகையை ஒட்டி, நாடுகளின் வசதிக்கேற்ப வளைந்து செல்லும் கற்பனைக் கோடு அது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 10ஆம் தேதி இரவு விமானம் ஏறியவர் சிட்னியில் 12ஆம் தேதி காலையில் இறங்குவார். 11ஆம் தேதி இரவுக்கு விடுதி அறை எடுத்தவர், உறங்காத இரவுக்கு வாடகை தருவார். இக்கோட்டை அரசாங்கமே மாற்றுவதும் உண்டு. சமோவா நாடு 2011ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாளுக்கு அடுத்து 31ஆம் நாளைக் கொண்டது. அந்நாட்டில் அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாளே இருந்ததில்லை! ஆதலின் விடுதிப் பதிவில் எப்போதும் அவ்வூர்த் தேதியையே குறித்தல் வேண்டும்.

புறப்படும் நாளை எண்ணுவோர் பலர். திரும்பும் நாளை எண்ணுவோர் சிலரே. 2015ஆம் ஆண்டு ஏப்ரலில், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைக் கடும் புயற்காற்று தாக்கியது. சிட்னித் துறைமுகம் மூடப்பட்டது. தீவுகளுக்குச் சென்று திரும்பிய கப்பல் ஒன்று ஆயிரக்கணக்கான பயணிகளுடன் துறைமுக வாயிலுக்கு வெளியே, உயர்ந்தெழும் அலைகளுக்கு நடுவே காத்துக்கிடந்து, ஒரு நாள் பிந்தியே உள்ளே வந்தது. அன்று பிற்பகலே விமானம் ஏறத் திட்டமிட்டவர்களின் நிலையை நீங்களே உணரலாம். ஆகவே கப்பல் திரும்பும் நாளன்று ஓர் இரவு சிட்னியில் தங்கி, மறுநாள் விமானம் ஏறுதல் நன்று. அவ்விரவுக்கான அறை, பதிவை மாற்றவோ நீக்கவோ இடந்தருவதாக இருத்தல் வேண்டும். அதற்கு வாடகை சிறிது கூடுதலாகும். அக்கூடுதல் தொகையே நாம் மனநிம்மதிக்குக் கொடுக்கும் விலை.

பயணக் காப்பீட்டிற்கும் காலமறிதல் உண்டு. புயல் உருவாகிப் பெயர் பெற்ற பின்னர் எடுக்கும் காப்பீடு, பொதுவாக அப்புயலால் விளையும் இழப்பை ஈடு செய்யாது. பயணச் சீட்டு வாங்கிய உடனே காப்பீட்டையும் எடுத்தல் வேண்டும். சிட்னியினின்று தீவுகளுக்குச் சென்று மீள்வோர் ஆஸ்திரேலியாவுக்குள் இருமுறை நுழைகின்றனர். ஒருமுறை மட்டும் நுழைய இடந்தரும் விசா அவர்களுக்குப் போதாது என்பதையும் நினைவிற் கொள்க.

நண்பர்களே! இவ்வளவும் செய்த பின்னரும் கடல் தன் விருப்பப்படியே நடக்கும். காற்றை நிறுத்தவோ அலையைத் தாழ்த்தவோ நம்மால் ஆகாது. ஆனால் காற்று எத்திங்களில் எத்திசையிலிருந்து வீசும் என்று கற்றுக்கொள்ளலாம். பயணத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு நாளை ஒழித்து வைக்கலாம். பூகோளப் பாடத்தில் நீங்கள் படிக்கும் தீர்க்கரேகையும் வாணிபக் காற்றும் மழை மறைவுப் பகுதியும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவன அல்ல. ஒரு குடும்பம் பல ஆண்டுகள் சேர்த்த பொருளையும் அதன் மகிழ்ச்சியையும் காக்கும் அறிவு அப்பாடத்திலேயே அடங்கியிருக்கிறது. உங்கள் வீட்டார் என்றேனும் கடற்பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நாட்காட்டியையும் நிலப்படத்தையும் எடுத்து அவர்கள் முன் விரித்து வையுங்கள். திட்டம் அவ்விரண்டிலிருந்தே தொடங்கட்டும்.