பட்டமளிப்புப் படத்தில் முகம் எங்கே?

நம் வீட்டு வரவேற்பறைச் சுவரைப் பார்த்தாலே அந்தக் குடும்பத்தின் கல்வி வரலாறு தெரிந்துவிடும். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், தாத்தா பாட்டி படத்துக்குக் கீழே, அங்கியும் தொப்பியும் அணிந்த பிள்ளையின் படம் தொங்கும். தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளை என்றால் சட்டம் இன்னும் பெரிதாக இருக்கும். ஒரு காலத்தில் இந்தப் படத்தை எடுக்க ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும். இன்று பல நேரங்களில் அதை எடுப்பது, கேமரா வைத்திருக்கும் ஓர் இளைய மாணவர். "தம்பி, எங்களுக்கும் நாலு படம் எடுத்துக் கொடு" என்று இறுதியாண்டு அக்காக்கள் கேட்டதும் வேலை தொடங்கிவிடுகிறது.

படம் கைக்கு வந்ததும் எழும் முதல் குறை நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: "ஐயோ, கறுப்பா விழுந்துட்டேனே!" எடுத்தவர் சிரித்துக்கொண்டே கணினியில் முகத்தை வெளுக்க வைத்துக் கொடுப்பார். இரு தரப்புக்கும் திருப்தி. ஆனால், அடுத்த ஆண்டும் அதே குறை வரும். அதே வெளுப்பும் நடக்கும். அந்த ஒரு வரி விமர்சனத்தை யாரும் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பதே காரணம். தன் நிறம் என்னவென்று அந்த அக்காவுக்குத் தெரியாதா என்ன? அவர் தேடியது கண்ணை, கன்னத்தின் வளைவை, சிரிப்பை. அவை படத்தில் இல்லை.

அவை எங்கே போயின? முதலில் நம் ஊர் வெயிலைப் பார்ப்போம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகை அளவில்தான் இருக்கிறது. உச்சி வெயில் நேராகத் தலையில் இறங்கும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1982 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அன்று. ஏறக்குறைய ஒரு மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில். காலை நேரப் பட்டமளிப்பு முடிந்து எல்லாரும் மண்டபத்தை விட்டு வெளியே வரும் நேரமும் பெரும்பாலும் அதுதான்! பட்டத் தொப்பியின் தட்டையான பலகை நெற்றிக்கு மேல் கூரை போட்டுவிடுகிறது. கண் இருந்த இடத்தில் இரண்டு குழிகள்தாம் மிச்சம்.

இதற்கு விலை உயர்ந்த விளக்கெல்லாம் வேண்டியதில்லை. எந்த வளாகத்திலும் கூரையிட்ட நடைபாதை இருக்கும். அதன் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே நிற்க வைத்து, முகத்தை வெளிப்புறம் திருப்பச் சொல்லுங்கள். வெயில் முகத்தில் விழாது. வானத்தின் பரந்த ஒளி மட்டும் பக்கவாட்டிலிருந்து வந்து கண்ணுக்குள் ஒரு புள்ளியாய் மின்னும். மாநிறமும் கறுப்புமான முகங்களுக்கு இந்தப் பரந்த ஒளி மிகவும் தேவை. வெளிறிய முகத்தின் வடிவத்தை நிழல் காட்டும். கறுத்த முகத்தின் வடிவத்தையோ தோலின் மினுமினுப்புத்தான் பெரிதும் காட்டும். அந்த மினுக்கத்தை முழுவதும் பவுடரால் அப்பிவிட்டுப் பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தால் என்ன கிடைக்கும்? வெள்ளை முகமும் கறுத்த கழுத்தும். நம் கல்யாண ஆல்பங்கள் இதற்குச் சாட்சி.

இரண்டாவது, கேமராவின் கணக்கு. ஒளியளவியின் அடிப்படைக் கணக்கு, எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதுவதுதான். வெள்ளைப் புடவையும் வெளிச்சமான வானமும் சட்டத்தை நிறைத்தால், "வெளிச்சம் அதிகம்" என்று படத்தை இருட்டாக்கிவிடும். முகமும் சேர்ந்து மூழ்கும். கறுப்பு அங்கி நிறைந்தால் எதிர்மாறு: அங்கி சாம்பலாகும், முகம் வெளிறும். கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தான் இதற்காகவே இருக்கிறது. கைப்பேசியில் முகத்தைத் தொட்டுவிட்டு விரலை மேலும் கீழும் நகர்த்தினால் போதும்.

இதில் குறை முழுவதும் நம்முடையது அன்று என்பதையும் சொல்ல வேண்டும். கோடாக் நிறுவனம் வண்ணத்தைச் சரிபார்க்க அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய அட்டையில் பல்லாண்டுக் காலம் வெள்ளையினப் பெண் ஒருவரின் படமே இருந்தது. அதற்கு 'ஷர்லி அட்டை' என்றே பெயர். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை வந்தது 1990களில்தான். கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் இந்த வரலாற்றை 2009-இல் விரிவாக எழுதியிருக்கிறார். கூகுள் நிறுவனம் 2021-இல் தன் பிக்சல் 6 கைப்பேசியை விற்கும்போது, கறுத்த தோலையும் உள்ளபடி காட்டும் என்பதைத் தனிச் சிறப்பாக விளம்பரப்படுத்தியது என்றால், அதுவரை நிலைமை எப்படி இருந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனாலும், மாலி நாட்டின் பமாக்கோ நகரில் 1948-இல் ஸ்டூடியோ தொடங்கிய செய்டு கெய்டா, பெரும்பாலும் முற்றத்துப் பகல் வெளிச்சத்திலேயே கறுப்பின மக்களின் முகங்களை அவ்வளவு கம்பீரமாகப் பதிவு செய்தார். படச்சுருள் விலை கருதி ஆளுக்கு ஒரே ஒரு படம்தான் எடுப்பாராம். அவருடைய படங்களைத் தேடிப் பாருங்கள்.

நம் வளாகத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மலாய், சீன, இந்திய நண்பர்கள் மூவர் தோளோடு தோள் நிற்கும் படம். ஒருவருக்குச் சரியான ஒளி மற்றவருக்குச் சரியாகாது. கறுத்தவரை வெளிச்சம் வரும் பக்கம் நிறுத்தி, வெளிறியவரை ஓரடி உள்ளே தள்ளினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்துவிட்டால் மட்டும் கை வராது. எடுத்துப் பார்க்க வேண்டும்.

எப்படி எடுத்துப் பழகுவது? ஒரே நண்பர், ஒரே தூண், ஒரே நேரம். வாரம் இருபது நிமிடம். ஒவ்வொரு வாரமும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு வாரம் தூரம்: கைப்பேசியை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பெருத்துக் காது சுருங்கும், இரட்டிப்பு நெருக்கத்தில் வைத்துவிட்டு ஏழெட்டு அடி பின்னால் போனால் முகம் முகமாக இருக்கும். மறு வாரம் ஒளியின் திசை. அதற்கடுத்த வாரம் ஒளியின் அளவு. பின்னணியை மங்கலாக்கும் வசதியை இந்தப் பயிற்சியின்போது தொடாமல் இருப்பது நல்லது. தொப்பியின் குஞ்சத்தையும் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தையும் அது பல சமயங்களில் பாதியாக வெட்டிவிடுகிறது.

பிறகு விமர்சனம். நான்கைந்து பேர் உட்காருங்கள். படங்களைத் தாளில் அச்சிட்டு மேசையில் பரப்புங்கள். எடுத்தவர் வாய் திறக்கக்கூடாது. "வெயில் அப்படி அடித்தது, அக்கா அவசரப்பட்டார்" என்ற கதைகள் படத்தோடு கூடவே போய்ச் சுவரில் தொங்கப் போவதில்லை. பார்ப்பவர் முதலில் ஒன்றே ஒன்று சொல்லட்டும்: கண் முதலில் எங்கே போனது? "பின்னால் இருக்கும் சிவப்புக் குப்பைத் தொட்டிக்கு" என்றால், அந்த ஒரு பதில் பத்து "சூப்பர்"களுக்கு மேல். அடுத்து, முகத்தில் எது தெரியவில்லை என்று கேளுங்கள். மூன்றாவதாக, படத்தில் இருப்பவரையே கேளுங்கள். "நான் இப்படியா சிரிப்பேன்?" என்று அவர் சொன்னால், குறை ஒளியில் இல்லை, நீங்கள் அவரோடு பேசாமல் "ஸ்மைல், ஸ்மைல்" என்று கத்தியதில் இருக்கிறது. கேட்ட குறையை எழுதி வைத்து, அடுத்த வாரம் அதே தூணருகே அதே ஆளை மறுபடியும் நிறுத்துங்கள். மறுபடி எடுக்காத விமர்சனம் வெறும் அரட்டை.

வெளுக்க வைக்கச் சொல்பவர்களை என்ன செய்வது? மறுத்துச் சண்டை போட வேண்டாம். நல்ல ஒளியில் எடுத்த படத்தையும், இருட்டில் எடுத்து வெளுக்க வைத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பெரும்பாலோர் முதல் படத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேலும் கேட்டால் கொடுத்துவிடுங்கள், படம் அவருடையது.

கடைசியாக அச்சு. ஒளிரும் திரையில் அழகாகத் தெரியும் முகம், தாளில் ஒரு படி இருண்டு வரும். கறுத்த முகத்தில் அந்த ஒரு படி கண்ணையே விழுங்கிவிடும். அம்மாவின் சுவருக்குப் பெரிய படம் அச்சடிக்கக் கொடுக்குமுன், அதே கடையில் சிறிய 4ஆர் அளவில் ஒன்று அச்சடித்து, கடை விளக்கின் கீழ் பார்க்காமல், வீட்டுக்கு எடுத்துப்போய் அது மாட்டப்படும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள்.