போலி என்னும் சொல்லும் மருந்துரிமையும்: கென்யத் தீர்ப்பு

கென்யாவின் 2008ஆம் ஆண்டுப் போலிப்பொருள் தடுப்புச் சட்டத்தில் இடர் வரையறையிலேயே இருந்தது. பிறருடைய அறிவுசார் சொத்துரிமைக்கு உட்பட்ட பொருளை இசைவின்றிச் செய்தலைப் போலியாக்கம் என அதன் 2ஆம் பிரிவு விரித்துரைத்தமையால், தரம் குன்றாத பொதுப்பெயர் மருந்தும் போலியெனப் பறிமுதலாகக்கூடும். அம்மருந்துகளிற் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து செல்வன.

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்த மூவர் 2009இல் வழக்குத் தொடுத்தனர். நலவாழ்வை உரிமையாக எழுதிய அரசியலமைப்போ 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது. வழக்கின் நற்பேறு எனலாம். உயிர், மாண்பு, நலவாழ்வு ஆகிய உரிமைகள் அறிவுசார் சொத்துரிமைக்கு முற்பட்டவை என நீதிபதி மும்பி கூகி 2012 ஏப்ரல் 20 அன்று தீர்ப்பளித்தார். முந்தைய தொழிற்சொத்துச் சட்டத்தின் விலக்குகளைக் காக்கும் வாசகம் உள்ளதே என்னும் வாதம் ஏற்கப்படவில்லை. ஐயத்திற்கு இடமான சொற்களுக்குப் பொருள் கூறும் பொறுப்பைச் சுங்க அதிகாரிகளிடமும் உரிமையாளர்களிடமும் விடலாகாது என்பதே தீர்ப்பின் உயிர்நிலை.