கையடக்க எஞ்சினில் தொடங்கட்டும் படிப்பு

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் போன்ற ஊர்களில் அவுட்போர்டு எஞ்சின் என்பது வீட்டு வருமானத்தோடு பிணைந்த பொருள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை நம் கரையோரப் பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே பார்க்கிறார்கள். பார்த்தால் மட்டும் கைத்திறன் வந்துவிடாது. ரிமோட்டில் ஓடும் மாதிரிப் படகின் பின்புறம் மாட்டும் நைட்ரோ அவுட்போர்டுதான் அந்தத் திறனுக்கு நல்ல தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. அதை வேக விளையாட்டாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் பாதிப் பயனை இழக்கிறார்கள்.

அமெரிக்காவின் கே அண்டு பி, 1936-இல் ஒசாகாவில் தொடங்கிய ஓ.எஸ். ஆகிய நிறுவனங்கள் வெளியிட்ட 3.5 சிசி அவுட்போர்டுகள் இந்த வகையில் பெயர்பெற்றவை. சுக்கான் தனியாகக் கிடையாது. பெரிய படகைப் போலவே எஞ்சினே திரும்பிப் படகைத் திருப்பும். தீப்பொறிக்குப் பதில் குளோ பிளக். அதன் பிளாட்டினம் கலந்த கம்பியை முதலில் பேட்டரி சூடாக்கும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம், மெத்தனால் ஆவியே கம்பியைக் கனலவைத்துக்கொள்ளும். எரிபொருளில் மெத்தனாலோடு நைட்ரோமீத்தேனும், விளக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ சேர்ந்திருக்கும். கற்கவேண்டிய மையம் இங்கேதான் இருக்கிறது. கார்புரேட்டர் ஊசித் திருகை இறுக்கினால் எரிபொருள் குறையும், வேகம் ஏறும். ஆனால் உராய்வைத் தடுக்கும் எண்ணெய் எரிபொருளோடுதான் உள்ளே வருகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடு எகிறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே புது எஞ்சினைத் திருகு தளர்ந்த நிலையில், புகை கக்கியபடியே பழக்கவேண்டும். கூடவே, குளிர்விக்கும் தண்ணீர் வெளியேறும் குழாயில் ஒரு கண் இருக்கவேண்டும். அது நின்றால் எஞ்சினையும் உடனே நிறுத்தவேண்டும்.

வீட்டிலேயே பெரிய எஞ்சின் இருக்கும்போது பொம்மை எஞ்சின் எதற்கு என்று கேட்கலாம். பிழைப்பு நடத்தும் எஞ்சினை எந்தக் குடும்பமும் பழகும் கையில் கொடுக்காது. அது பழுதானால் தொழிலே நின்றுவிடும். சின்ன எஞ்சினில் பிஸ்டன் போனால் நட்டம் அந்தப் பிஸ்டனும் சிலிண்டர் உறையும்தான். பிரஷ்லெஸ் மின்மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் இதைவிடச் சுலபம், சத்தமில்லை, வேகமும் மிகுதி என்பது அடுத்த வாதம். முழுக்க உண்மை, வேகம் மட்டுமே வேண்டுபவர் அதையே வாங்கட்டும். ஆனால் கலவையின் அளவு, பிளக்கின் நிறம், எரிந்த எண்ணெயின் வாசம் ஆகியவற்றை மின்மோட்டார் சொல்லித் தராது. மண்ணெண்ணெய் எஞ்சினில் மேக்னெட்டோ தீப்பொறி இருப்பதால் எல்லாப் பாடமும் அப்படியே பொருந்தாதுதான். டூ-ஸ்ட்ரோக்கின் அடிப்படையோ இரண்டுக்கும் ஒன்றே.

எனக்குப் பெரிய தடையாகப் படுவது மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்தது அதுதான். தமிழகத்தில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும் என்ற கட்டுப்பாடு நியாயமானது. பொழுதுபோக்கின் பெயரால் அதைத் தளர்த்தக் கேட்பது தவறு. குடித்தால் பார்வை போகும், உயிரும் போகும். தோல் வழியாகவும் ஏறும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. எனவே வீட்டில் கலப்பது, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது இரண்டும் கூடவே கூடாது. உரிமமும் பட்டறையும் ஆசிரியரும் உள்ள இடமே இதற்கு ஏற்றது. தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரி போன்ற நிறுவனங்களும் பாலிடெக்னிக்குகளும் இதைக் கையிலெடுக்கலாம்.

எரியாத எண்ணெய் புகையோடு தண்ணீரில் சேரும் என்பதால் கழிமுகத்தில் ஓட்டக்கூடாது. அங்கே அலையாத்தி மரங்களுக்கிடையில் மீன்குஞ்சுகள் வளர்கின்றன. உப்புநீர் பேரிங்கையும் அரிக்கும். பட்டறையில் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் ஸ்டாண்டு வைத்து எஞ்சினை மாட்டினால் முதல் சில டேங்கு எரிபொருளும் அங்கேயே ஓடி முடியும், மிதக்கும் எண்ணெயையும் வழித்தெடுக்கலாம். மெத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் டேங்கைக் காலிசெய்து, மிச்ச எரிபொருள் தீரும்வரை எஞ்சினை ஓட்டி, பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில துளி எண்ணெய் விட்டு, கையால் சுழற்றிய பிறகே மூடிவைக்கவேண்டும்.