வைரத்தில் குறையும் விலையும்: வணிகர் அறிய வேண்டியவை

அரிசி மூட்டை வந்து இறங்கினால் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. ஏலக்காயானால் பருமனும் பச்சை நிறமும் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். ஆனால் அதே வணிகர், மகள் திருமணத்திற்கு வைரத்தோடு எடுக்கும்போது, விற்பவர் சொல்லும் தரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு பல ஆண்டுச் சேமிப்பை ஒரே பில்லில் கொடுத்துவிடுகிறார். பின்னால் பணமுடைக்கு விற்கப் போகும்போதுதான் "கல்லில் புள்ளி இருக்கிறது" என்ற பேச்சு முதன்முதலாகக் காதில் விழுகிறது. அந்தப் புள்ளி என்ன, அது விலையை எவ்வளவு பாதிக்கும் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

குறை எப்படி வருகிறது?

வைரம் என்பது கார்பன். பூமிக்கு அடியில் சுமார் 150 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, எரிமலைக் குழம்போடு மேலே வந்தது. உருவாகும்போது பக்கத்தில் இருந்த கனிமத் துகள்கள் உள்ளே அகப்பட்டுக் கொள்ளும். அழுத்தத்தில் நுண்ணிய விரிசல்களும் விழும். இவற்றைத்தான் உள்குறைகள் என்கிறோம். குறையே இல்லாத கல் மிக மிக அரிது. நம் முன்னோரும் இதை அறிந்தே இருந்தனர். சிலப்பதிகாரத்தில் மதுரை ரத்தினக் கடைவீதியைச் சொல்லும் ஊர்காண் காதை, காக்கைக் கால் போன்ற கீற்று, புள்ளி, கோடு முதலியவற்றை வைரத்தின் குற்றங்களாகக் குறிப்பிடுகிறது.

குறைகளில் பல வகை உண்டு. ஊசி முனை அளவுப் புள்ளி ஒன்று. அத்தகைய புள்ளிகள் கூட்டமாகச் சேர்ந்தால் மேகம். இறகு போலத் தெரியும் விரிசல் மற்றொன்று. கண்ணாடிச் சில்லு போலவோ கறுப்பாகவோ தெரியும் கனிமப் படிகம் இன்னொன்று. கறுப்புப் புள்ளி எல்லாவற்றையும் "கரி" என்று சொல்லும் வழக்கம் கடைவீதியில் உண்டு. உண்மையில் அவற்றில் பல வேறு கனிமங்கள்.

எந்தக் குறை விலையைக் கெடுக்கும்?

புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் கேள்வி அல்ல. குறையின் அளவு, எண்ணிக்கை, இருக்கும் இடம், அது பளிச்சென்று தெரியும் தன்மை, அதன் வகை ஆகிய ஐந்தையும் சேர்த்தே தரம் போடுகிறார்கள்.

இடம் மிக முக்கியம். கல்லின் மேல்முகத்தில் நடுவே உள்ள தட்டையான பட்டைக்கு நேர் கீழே கறுப்புப் புள்ளி இருந்தால் உடனே கண்ணில் படும். அடிமுனைக்கு அருகில் இருந்தால், பட்டைகளில் பிரதிபலித்து ஒரே புள்ளி பலவாகத் தெரியும். அதே புள்ளி ஓரத்தில் இருந்தால் நகையில் தங்கக் கொக்கி அதை மறைத்துவிடும்.

வகையும் முக்கியம். சிறு புள்ளிகள் கல்லின் உறுதியைக் கெடுப்பதில்லை. ஆனால் ஓரம் வரை வந்து மேற்பரப்பைத் தொடும் பெரிய விரிசல் ஆபத்தானது. வைரம் எல்லாவற்றையும் விடக் கடினமானது என்பது உண்மை. கீறினால் கீறாது. ஆனால் பலமாக அடிபட்டால் உடையும். மேகம் அடர்த்தியாக இருந்தாலோ, தனியாக எந்தப் புள்ளியும் தெரியாமலேயே கல் முழுவதும் பால் கலந்த தண்ணீர் போல மங்கிவிடும்.

வெட்டும் கணக்கில் சேரும். 57 அல்லது 58 பட்டைகள் உள்ள வட்டக்கல்லின் மினுமினுப்பில் சிறு குறைகள் மறைந்து போகும். படிக்கட்டு போல நீளப் பட்டை தீட்டிய எமரால்டு கட் கல்லில் அதே குறை ஜன்னல் வழியே பார்ப்பது போலத் தெரியும்.

தர அளவுகோல்

அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் 1953-இல் வகுத்த அளவுகோலே இன்று உலக வர்த்தகத்தில் பெரிதும் வழங்குகிறது. 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத் தரம் போடுகிறார்கள். குறையே தெரியாத எஃப்.எல்., உள்குறை தெரியாத ஐ.எஃப். ஆகியவை மேல்படி. அடுத்து வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. ஒவ்வொன்றிலும் 1, 2 என இரண்டு பிரிவு. கடைசியில் ஐ.1, ஐ.2, ஐ.3. மொத்தம் 11 படிகள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வி.வி.எஸ்., வி.எஸ். இரண்டிலும் வெறும் கண்ணுக்குக் குறை தெரிவதில்லை. எஸ்.ஐ. தரத்திலும் பல கற்கள் அப்படியே. ஆனால் விலை படிக்குப் படி மாறும். எனவே காதில் அணிந்து அழகு பார்க்க வாங்குபவர் மேல்படிக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பணத்தை நல்ல வெட்டுக்குக் கொடுத்தால் கல் கூடுதலாக ஒளிரும். ஒளிக்காக எடையையே இழந்த கதையும் உண்டு. கோகினூர் வைரத்தை 1852-இல் லண்டனில் மறுவெட்டு செய்தபோது சுமார் 186 காரட்டாக இருந்த கல் 105.6 காரட்டாகக் குறைந்தது.

மறைக்கப்பட்ட குறைகள்

குறை உள்ள கல்லைக் குறைந்த விலைக்கு விற்பது நேர்மையான வியாபாரம். குறையை மறைத்து நல்ல கல்லின் விலைக்கு விற்பதுதான் மோசடி. கறுப்புப் புள்ளி வரை லேசர் கதிரால் துளையிட்டு அதை வெளுக்கச் செய்வது ஒரு முறை. மேற்பரப்பைத் தொடும் விரிசலில் கண்ணாடி போன்ற பொருளை நிரப்பி மறைப்பது மற்றொரு முறை. இப்படி நிரப்பிய கல்லுக்கு ஜி.ஐ.ஏ. தரச்சான்று தருவதில்லை. நகையைப் பழுது பார்க்கும்போது ஆசாரியின் ஊதுகுழல் சூட்டில் அந்த நிரப்பு கெட்டு, மறைந்திருந்த விரிசல் வெளியே தெரியவும் கூடும்.

"புள்ளி இருந்தால் அசல்" என்ற நம்பிக்கையும் தவறு. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்திலும் உள்குறைகள் உண்டு. அதுவும் வைரமே. ஆனால் அதன் விலை இயற்கை வைரத்தை விட மிகக் குறைவு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. கருவிப் பரிசோதனை வேண்டும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

1. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழ். அதன் எண்ணைக் கல்லின் ஓரத்தில் லேசரால் பொறித்திருந்தால், லென்ஸ் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவும்.

2. ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே. வைரத்தின் தரத்திற்கு அது பொறுப்பல்ல.

3. "புளூ ஜாகர்" என்பது நிறத்தைப் பற்றிய பேச்சு. உள்குறையைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும்.

4. பில்லில் தங்க எடையும் கல் எடையும் தனித்தனியே இருக்க வேண்டும். 5 காரட் சேர்ந்தால் 1 கிராம். கல்லின் எடைக்குத் தங்க விலை கொடுக்கக் கூடாது.

5. கல் இயற்கையா, வளர்த்ததா, ஏதேனும் செயற்கை முறை செய்யப்பட்டதா, திருப்பிக் கொடுத்தால் எந்த அடிப்படையில் எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் பெறவும்.

கடைசியாக, குறையிலும் ஒரு பயன் உண்டு. ஒரு கல்லில் குறைகள் அமைந்திருப்பது போல இன்னொரு கல்லில் அமைவதில்லை. ஆகவே பழுதுக்குக் கொடுக்கும் முன் லென்ஸ் வைத்துப் பார்த்து, எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும் கல் உங்களுடையதுதானா என்பதை அந்தப் புள்ளியே சொல்லிவிடும்.